அரைக்கால் அங்குலம்

சட்டைப் பையின் மேல்விளிம்பிலிருந்து
அரைக்கால் அங்குலம்.
அங்கேதான் நாடா வரிசை தொடங்க வேண்டும்.
மயிரிழை ஏறினாலும் அவிழ்த்துவிட்டு
மறுபடி வைப்பேன்.

டெலவேரில், சோயா வயல்களுக்கு நடுவே
எங்கள் விமானத் தளம்.
தெற்குக் காற்றில் கோழிப் பண்ணை நாறும்,
வடக்குக் காற்றில் எரிபொருள்.
உள்ளே ஜன்னலில்லாத ஓர் அறை.
நாடு தரக்கூடிய அத்தனை கௌரவமும்
அங்கே இழுப்பறைகளில்,
நிறம்நிறமாக,
நூற்றுக்கணக்கில்.

நான் உடுத்திவிடுவது இறந்தவர்களுக்கு.
திறந்த பேழையா மூடிய பேழையா என்று
நாங்கள் கேட்பதில்லை.
வெள்ளைத் துணியில் பொதிந்த
மிச்சத்தின் மேல் விரிக்கப் போகும் சட்டைக்கும்
மடிப்பு கத்திபோல் நிற்கும்.
ஓஸ்வால்டோ காலணியின் அடிப்பாகத்துக்கும்
பாலிஷ் போடுவான்.
"அதை யார் பார்க்கப் போகிறார்கள்?"
என்று ஒருமுறை கேட்டேன்.
"நீ பார்த்துவிட்டாயே" என்றான்.

இன்று எனக்கே ஒன்று கொடுத்தார்கள்.
களம் காணாதவர்களுக்கும் தருகிற பதக்கம்.
பச்சை நாடா, வெள்ளைக் கோடுகள்.
வீரத்துக்குப் பொறிக்கும் அந்தச் சின்ன எழுத்து
என்னுடையதில் இல்லை.
பாராட்டுரையை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள்,
அப்படித்தான் இங்கே வழக்கம்.
தேதிகளை மட்டும் எழுதினேன்.
மீதியை யாரோ நிரப்பியிருந்தார்கள்.

"ஸ்டாஃப் சார்ஜன்ட் வெர்னா கில்கிரிஸ்ட்!"
கர்னல் வாசித்தார்:
"ஆயிரத்து நூற்றுப் பதினேழு சீருடைகள்.
ஒரு பிழையும் இல்லை."
கைதட்டல்.

பிழை இருக்கிறது.
அதற்குப் பெயரும் இருக்கிறது.

டோபையஸ் ரென்ஃப்ரோ, நெப்ராஸ்கா,
இருபத்திரண்டு வயது.
அவன் வேலை தண்ணீர்.
பாலைவனத்து உவர்நீரை வடிகட்டி
நாலாயிரம் பேருக்குக் குடிக்கத் தந்தவன்.
டேங்கர் லாரி கவிழ்ந்து போனான்.
எதிரி என்று அந்தப் பக்கம்
ஒரு குருவிகூட இல்லை.
மூன்று நாடா வைத்தேன்,
அளந்து, ஊதி, பஞ்சால் துடைத்து.
விமானம் ஏறிப் போன இரவு
பதினொன்றேகாலுக்கு
ஃபேக்ஸ் இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது:
நான்காவது இருக்கிறது.
ஆகஸ்டில் பம்பு உடைந்தபோது
முப்பத்தொரு மணி நேரம் தூங்காமல்
சரிசெய்ததற்காக.
பச்சை. வெள்ளைக் கோடுகள்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
மூடிய பேழைதான்,
அவன் அம்மா பார்த்திருக்க மாட்டாள்
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.
செய்யவில்லை.
முதல் நாள் வெட்கம்,
பிறகு வேலை,
பிறகு ஆறு வருடம்.

கர்னல் என் மார்பில் குத்தினார்.
நடுங்கும் கை, நல்ல மனிதர்.
குனியாமலே என் கண் அளந்துவிட்டது:
இடப்பக்கம் கால் அங்குலம் சரிவு.
விரல்கள் தாமாகவே எழுந்தன,
இறுக்கி அடக்கினேன்.
கேக்கின் மேல் என் பெயரில்
ஓர் எழுத்து குறைந்திருந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
நன்றாக இருந்தது கேக்.
ஓஸ்வால்டோ இரண்டு துண்டு சாப்பிட்டான்.

நாளைக் காலை ஆறு மணிக்கு
இரண்டு பேர் வருகிறார்கள் என்று செய்தி.
ஒருவர் உயரம், ஆறடி நாலு,
அந்த அளவில் கால்சட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும்.
இஸ்திரியைச் சூடாகப் போட்டுவிட்டு
கோணலாக நின்றதை
மார்பிலிருந்து கழற்றினேன்.
பதக்கம் பெட்டிக்குள்.
நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு
பச்சை இழுப்பறையைத் திறந்தேன்.
முப்பத்தெட்டு இருந்தன.

கையிருப்புப் புத்தகத்தில்
முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
யாரிடமிருந்து வரவு என்ற கட்டத்தில்
டோ. ரென்ஃப்ரோ.
பிறகு,
எண்ணிக்கை சரிதானா என்று
முதலிலிருந்து
மறுபடி எண்ணினேன்.